நான் கேட்காமல் நிரப்பிய கட்டம்

1. வெறும் நீலம்

புரட்டாசி இரண்டாவது வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றே முக்கால். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே என்னைக் கூப்பிட்டார்.

"விஜயா, இது என்னது, வெறும் நீலமா இருக்கு?"

விருதுநகரில் அவருடைய லேபில் நான் முப்பத்தொரு வருடம் ஹிஸ்டோ டெக்னீசியனாக இருந்தேன். ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய சீவலாக வெட்டி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. அதைப் பார்த்து நோயைச் சொல்வது பதாலஜிஸ்டான டாக்டரம்மாவின் வேலை. போன சித்திரையில் ஓய்வு பெற்றேன். பக்கத்தில் சிவகாசி இருப்பதால் எனக்கு டைரிக்குக் குறைவு வந்ததில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் யாராவது பிரஸ்காரர் ஒன்று கொடுத்துவிடுவார். முப்பத்தொரு டைரியிலும் தேதிவாரியாக எழுதியிருக்கிறேன்: அன்று வெட்டிய மெழுகு பிளாக்குகள், ஏற்றிய சாயம், செய்த தவறு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அவற்றிலிருந்து ஒன்றை எடுத்து எழுதுகிறேன். வருடத்தை மட்டும் சொல்லப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர் இன்னும் அதே ஊரில் இருக்கிறார். அவர் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

அந்த நீல ஸ்லைடு காளியம்மாள் என்பவருடைய தலைக்குள் இருந்த கட்டியிலிருந்து வெட்டியது. வயது நாற்பத்திரண்டு. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவர். ஆவணியில் மதுரையில் ஆபரேஷன் முடிந்து, அந்த வாரம் செவ்வாய்க்கிழமை தன் அண்ணனோடு எங்கள் லேபுக்கு வந்தார். ஜவுளிக்கடைப் பைக்குள் ஒரு சிறிய பிளாஸ்டிக் கவர், அதற்குள் அவருடைய கட்டியைப் பதித்த மெழுகு பிளாக், கூடவே சர்ஜன் எழுதிய கடிதம்.

மழித்த தலையில் துண்டு கட்டியிருந்தார். அண்ணன் என்னிடம், "இவளுக்கு ஆறு மாசத்துக்கு எண்ணெ தேய்க்கிற வேலை மிச்சம்" என்றார்.

"ஒனக்கு அந்த வேலை மிச்சமாகிப் பத்து வருசமாச்சே, நான் ஏதும் சொன்னேனா?" என்றார் தங்கை. அண்ணன் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

எந்தக் கண்ணில் பார்வை குறைவு என்று கேட்டேன். இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு எதிர்ச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தார். "கலரு தெரியுதுக்கா. அம்மன் செவப்புச் சேலை கட்டியிருக்கு. கீழ தேதி என்னன்னு தெரியல."

அந்தக் காலண்டரில் தேதி என் கைப்பெருவிரல் நீளம் இருக்கும்.

சர்ஜனின் கடிதத்தில் இருந்தது இதுதான். கட்டியின் பெயர் மெனிஞ்சியோமா, கிரேடு ஒன்று. மூளையில் முளைப்பதல்ல, மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் முளைப்பது. பெரும்பகுதியை எடுத்தாயிற்று. வலது கண்ணின் பார்வை நரம்பில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு துண்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். பிய்த்தால் இருக்கிற பார்வையும் போய்விடும். அந்த மிச்சம் வளர்ந்தால் இடது கண்ணின் நரம்பையும் தொடும். இப்போதே ரேடியேஷன் கொடுக்கலாம், ஆனால் அந்த இடத்தில் அதுவும் கண்ணுக்கு ஆபத்தில்லாதது அல்ல. கொடுப்பதா, காத்திருப்பதா? முடிவெடுக்கும் முன் கட்டியில் பி.ஆர். இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும்.

பி.ஆர். என்றால் புரோஜெஸ்டிரான் ரிசெப்டார். புரோஜெஸ்டிரான், பெண்ணின் சினைப்பையிலிருந்து வரும் ஹார்மோன். அது ரத்தத்தோடு உடம்பெல்லாம் போகும். ஆனால் அதைப் பிடித்துக்கொள்ளும் ரிசெப்டார் என்ற புரதம் உள்ள செல்தான் அதன் பேச்சைக் கேட்கும். ரிசெப்டார் இருந்தால் எங்கள் சாயத்தில் செல்லின் நடுப்பகுதி பழுப்பாகும். இல்லையென்றால் நீலமாகவே நிற்கும்.

"பி.ஆர். இல்லாத மெனிஞ்சியோமா சில சமயம் முரடா இருக்கும்" என்றார் டாக்டரம்மா. "இப்படியே ரிப்போர்ட் கொடுத்தா சர்ஜன் ரேடியேஷன் பக்கந்தான் சாய்வாரு."

பிறகு ஸ்லைடை ஒரு அங்குலம் நகர்த்தினார். குரல் மாறியது. "விஜயா, கண்ட்ரோலே சாகக் கெடக்கு. நீங்க டிக் போட்டிருக்கீக."

2. ரெண்டு விசில்

கண்ட்ரோல் என்பது, பழுப்பாக வரும் என்று முன்பே தெரிந்த ஒரு துண்டு. சோதிக்க வேண்டிய சதையோடு அதையும் அதே ஸ்லைடில் ஒட்டுவோம். எங்களிடம் இருந்தது யாரோ ஒரு பெண்ணின் கருப்பை உட்சுவர். பெயர் எங்களுக்கே தெரியாது. அது நன்றாகப் பழுத்திருந்தால்தான் மற்றதை நம்பலாம். அன்று அது வெந்தயம் ஊறிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. ஏதோ நிறம் இருக்கிறதே என்று நான் டிக் போட்டுவிட்டேன். டைரியில் அன்றைய முதல் தவறு அது.

காரணத்தைத் தேடிப் போனால் குக்கரில் போய் நின்றது. ஃபார்மலினில் ஊறிய சதையில் ரிசெப்டார் மூடிக் கிடக்கும். ஒரு பஃபர் கரைசலில் ஸ்லைடைப் போட்டு அழுத்தத்தில் கொதிக்க வைத்தால்தான் அது திறந்து சாயத்தைப் பிடிக்கும். பெரிய லேபுகளில் அதற்கு மெஷின் உண்டு. எங்களிடம் இருந்தது ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர். நான் பிளாக் வெட்டிக்கொண்டிருந்ததால் அட்டெண்டர் செல்வி குக்கரைப் பார்த்துக்கொண்டாள்.

"எம்புட்டு நேரம் வச்ச?" என்று கேட்டேன்.

"ரெண்டு விசில்க்கா."

"விசிலா? பிரஷர் முழுசா ஏறினதுலருந்து மூணு நிமிசம்னு செவுத்துல எழுதி ஒட்டியிருக்கேன்ல?"

"நீங்க எழுதுனது சரிதான்க்கா. குக்கருக்குப் படிக்கத் தெரியலையே. கேஸ்கட் லூசு, ஓரத்துல புஸ்ஸுபுஸ்ஸுன்னு போய்க்கிட்டே இருந்துச்சு. சரி, பருப்புக்கு ரெண்டு விசில் போதும்ல, இதுக்கும் போதும்னு..."

"இது பருப்பாடி? ஒருத்தி தலைக்குள்ள இருந்து எடுத்ததுடி!"

செல்வி அழுதுவிடுவாள் போலிருந்தது. திட்டியிருக்கக் கூடாது. குக்கரைப் பார்த்தவள் அவள், கண்ட்ரோலைப் பார்த்தவள் நான்.

அன்று மாலையே பஜாரில் புது கேஸ்கட் வாங்கினேன். சனிக்கிழமை காலை புதிதாக வெட்டி, கைக்கடிகாரத்தைக் கழற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே நின்றேன்.

3. ஒரே ஸ்லைடில் இரண்டு பெண்கள்

சாயம் ஏற்றும் கடைசிக் கட்டத்தில் மைக்ராஸ்கோப்பே வேண்டாம். துளி விழுந்து சில நிமிடங்களில் வெறும் கண்ணுக்கே தெரியும். முதலில் கருப்பைத் துண்டு பழுத்தது. மூச்சு விட்டேன். பிறகு அதற்குக் கீழே இருந்த கட்டித் துண்டும், காய்ச்சிய வெல்லப்பாகு மாதிரி, ஓரத்திலிருந்து நடுவரைக்கும் நிறம் ஏறியது.

இந்தச் சாயத்தை நான் எத்தனையோ மார்பகத் துண்டுகளில் ஏற்றியிருக்கிறேன். கருப்பையில் பார்த்திருக்கிறேன். அங்கே அது வருவதில் ஆச்சரியமில்லை. தலைக்குள்ளிருந்து வந்த சதையில் பார்த்தது அன்றுதான் முதல் முறை. லென்ஸுக்குக் கீழே, சுழல் சுழலாக அடுக்கியிருந்த செல்களில் அநேகமாக ஒவ்வொன்றின் நடுவிலும் பழுப்பு. மூளை நரம்புகளைப் பற்றி, உறைகளைப் பற்றி நூலகத்தில் எடுத்துப் படித்திருக்கிறேன். படித்தது எதுவும் இதற்கு என்னைத் தயார் செய்யவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பும் ஒரு செய்தியைக் கேட்பதற்கு மண்டையோட்டுக்குள் ஒரு செல் காத்துக்கொண்டிருக்கிறது. ஒரே கண்ணாடியில் ஒருவரையொருவர் அறியாத இரண்டு பெண்கள். மேலே ஒருத்தியின் கருப்பை, கீழே ஒருத்தியின் மூளை உறை. இரண்டுக்கும் ஒரே நிறம். நான் டாக்டரம்மாவைக் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டாக்டரம்மா சென்னையில் படித்தவர், பேச்சு மட்டும் இன்னும் அருப்புக்கோட்டை. பார்த்துவிட்டு, "அடேங்கப்பா" என்றார். "மெனிஞ்சியோமால பெரும்பாலும் பி.ஆர். வரும். பொம்பளைகளுக்கு இந்தக் கட்டி அதிகம் வர்றதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்ங்காக. ஆனா இம்புட்டு அடர்த்தியா நான் பாத்ததில்ல." ரிப்போர்ட் எழுத ஃபாரத்தை எடுத்தார். "ஹார்மோன் மருந்து ஏதும் எடுத்துக்கிட்டாகளா? நெறைய வருசம் சில ஹார்மோன் ஊசி, மாத்திரை எடுத்தவுகளுக்கு இந்தக் கட்டி கூடுதலா வருதுன்னு இப்பச் சொல்லுதாக."

எங்கள் ஃபாரத்தில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து.

"யாரு கேட்டது?"

"நான்தான் நெரப்புனேன் டாக்டர்."

"கேட்டீகளா?"

செவ்வாய்க்கிழமை, கணவர் பெயர் என்ற இடத்தில் அண்ணன் 'லேட்' என்று சொன்னார், ஏழு வருடம் ஆகிவிட்டது என்றார். அதற்கடுத்த சில கட்டங்களில் என் பேனா கேட்காமல் தானாகவே 'இல்லை' என்று எழுதிக்கொண்டு போயிற்று.

"அவுகளுக்கு வீட்டுக்காரர் இல்ல டாக்டர்" என்றேன்.

"அதனால?"

சரிபார்க்காமல் ஒரு தேதியைக்கூட டைரியில் ஏற்றாதவள் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அது அந்தச் சனிக்கிழமையோடு போயிற்று.

4. நாலு ஊசி

திங்கட்கிழமை காளியம்மாள் ரிப்போர்ட் வாங்க வந்தார். கடிதத்துக்கு ஜெராக்ஸ் வேண்டும் என்று சொல்லி அண்ணனைக் கடைக்கு அனுப்பினேன். மறுநாள் ஆயுத பூஜை. கடைகளில் கூட்டம் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"மாசாமாசம் ஒழுங்கா வருதா?" என்று ஆரம்பித்தேன்.

"அது நின்னு போச்சுக்கா."

"எப்ப?"

"சின்னவ பெறந்து ஆறாம் மாசம். பதிமூணு வருசம் ஆச்சு."

"ஒனக்கு அப்ப இருபத்தொம்பது வயசு. அந்த வயசுல எப்படி நிக்கும்?"

காளியம்மாள் வாசலைப் பார்த்தார். "அண்ணன் வந்துருமா?"

"வர நேரமாகும். சொல்லு."

"ஊசிக்கா. மூணு மாசத்துக்கு ஒண்ணு போடுறது."

குழந்தை வேண்டாம் என்பதற்காகப் போடும் ஊசி அது. அதில் இருப்பதும் புரோஜெஸ்டிரான் வகைதான். போட்டால் சிலருக்கு மாதவிடாயே நின்றுவிடும்.

"அவரு இருக்கும்போது போட ஆரம்பிச்சது. அவரு போனதும் நிப்பாட்டுனேன். அந்தத் தீவாளிச் சீசன்ல மறுபடி வந்துருச்சு. எங்க ஷெட்டுலருந்து கக்கூசு எம்புட்டு தூரம்னு நீங்க பாத்ததில்லக்கா. கம்பெனிக் காட்டோட அந்தக் கடைசியில இருக்கு. பின்னப் பின்னத்தான் கூலி. எந்திரிச்சுப் போனா ஃபோர்மேன் வாட்சைப் பாக்காரு. துணி நனைஞ்சு அப்படியே உக்காந்திருக்கேன். வேன்ல ஏறும்போது முந்தானைய இழுத்து மறைச்சுக்கிட்டு... போதும்டா சாமின்னு திரும்பவும் ஊசிக்குப் போயிட்டேன்."

"யாரு போடுறாக?"

"டவுனுல ஒரு நர்சம்மா. வீட்டுக்காரர் இருக்காருன்னுதான் அவுகட்டச் சொல்லியிருக்கேன். இல்லைன்னு சொல்லி அந்த ஊசியக் கேக்க முடியுமா? ஊருக்குள்ள தெரிஞ்சா என்ன பேசுவாகன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்ததால்தான் என் கை 'இல்லை' என்று எழுதியது.

"மதுரையில கேக்கலையா?"

"கேட்டாக. அண்ணன் பக்கத்துல நிக்குது, மாமியா நிக்குது. என்னத்தச் சொல்ல?"

தேதிகள் கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தைப்பொங்கலுக்கு ஒண்ணு, சித்திரைப் பொங்கலுக்கு ஒண்ணு, ஆடி பெறந்ததும் ஒண்ணு, தீவாளிக்கு முன்னால ஒண்ணு." வருடத்துக்கு நாலு. பதிமூன்று வருடம், நடுவில் ஒரு சீசன் போக. டைரி இல்லாமல் அவ்வளவு சுத்தமாகக் கணக்கு வைத்திருந்தார்.

"அடுத்தது எப்ப?"

"நாளைக் கழிச்சு, புதன்கிழமை. விஜயதசமிக்கு லீவு, அன்னைக்குத்தான் போக முடியும்."

நான் எழுந்து டாக்டரம்மாவின் கதவைத் தட்டினேன்.

5. திரி

டாக்டரம்மா முதலில் அவரை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். காளியம்மாள் இடது கண்ணை வைத்தார்.

"ஏயம்மா, தரைச்சக்கரம் சுத்துற மாதிரியில்ல இருக்கு! இதுவா எந் தலைக்குள்ள கெடந்துச்சு?"

சுழல் சுழலான அந்த அடுக்கை நான் சனிக்கிழமையிலிருந்து எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு பார்வை போதுமாயிருந்தது.

"அந்தப் பழுப்பெல்லாம் ரிசெப்டார்" என்றார் டாக்டரம்மா. "ஊசி மருந்து ரத்தத்துல போகுதுல்ல, அதைப் பிடிச்சுக்கிட்டு வளரச் சொல்லும். இங்க பாருங்க, ஊசி போட்ட எல்லாருக்கும் இது வராது. ரொம்ப ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான். ஒங்களுக்கு ஊசியாலதான் வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா மிச்சம் வச்சிருக்கிற துண்டுலயும் இதேதான் நெறைஞ்சு கெடக்கும். இனி அதுக்குத் தீனி போடக் கூடாது."

"அப்ப இது திரி வச்ச கட்டி. ஊசி வத்தி" என்றார் காளியம்மாள்.

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "முப்பது வருசமா நான் பாடம் எடுக்கேன், விஜயா. இப்படி ஒரு தடவை சொல்லியிருக்கேனா?"

ஆனால் காளியம்மாள் சிரிக்கவில்லை. "நிப்பாட்டிருதேன் டாக்டர். நிப்பாட்டிட்டா அது மறுபடி வருமே. சீசன்ல ஷெட்டைவிட்டு நான் எங்கன போக?"

ரிசெப்டாரைப் பற்றி எல்லாம் தெரிந்த இரண்டு பேர், அந்தக் கேள்விக்கு முன்னால் சும்மா நின்றோம். பிறகு டாக்டரம்மா லெட்டர்பேடை இழுத்தார். இந்த ஹார்மோன் இல்லாத வழிகளைச் சொல்ல மகப்பேறு டாக்டர் ஒருவருக்கு ஒரு கடிதம். கம்பெனிக்கு இன்னொன்று: தலையில் ஆபரேஷன் ஆனவர், இடையிடையே எழுந்து போய்வர அனுமதிக்க வேண்டும். காரணம் எழுதவில்லை.

காளியம்மாள் அதை வாங்கிப் படித்தார். "எனக்குச் சரி. எங்க ஷெட்டுல மத்தவளுகளுக்கும் தலையில ஆபரேஷன் பண்ணிருவீகளா?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். அந்தக் கேள்வியையும் நான் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

அண்ணன் ஜெராக்ஸோடு வந்தபோது சர்ஜனோடு போனில் பேசி முடிந்திருந்தது. ஊசியின் விவரம் ஒட்டிய கவருக்குள் தனியாகப் போனது.

"என்னம்மா சொல்லுதாக?"

"ரேடியேசன் இப்ப வேண்டாமாம்ணே. ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிருவோம்ங்காக."

"ரெண்டு பேப்பருக்கு அரை மணி நேரம் நிக்க வச்சுட்டான் ஜெராக்ஸ்காரன்" என்று அண்ணன் அலுத்துக்கொண்டார். தங்கை என்னைப் பார்த்தார். கண்களில் லேசான சிரிப்பு.

மறுநாள் ஆயுத பூஜையில் மைக்ராஸ்கோப்புக்கு வைக்கும் முன்பே குக்கருக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள் செல்வி. புதன்கிழமை முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. வியாழக்கிழமை காலை லேபுக்குப் போன் வந்தது. "நேத்து நான் டவுனுக்குப் போகலக்கா" என்றார் காளியம்மாள். அவ்வளவுதான் பேசினார்.

6. மாசி பதினாறு

ஐந்து மாதம் கழித்து, மாசி பதினாறு, பிப்ரவரி இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை. காளியம்மாள் தலையில் ஒரு விரல் கனத்துக்கு முடியோடு வந்தார். ஸ்கேன் உறையை அண்ணன் வைத்திருந்தார். மிச்சத் துண்டு வளரவில்லை. முந்தைய ஸ்கேனைவிட ஒரு சுற்று சுருங்கியே இருந்தது. டாக்டரம்மா இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் அடுத்தடுத்து மாட்டி வெகுநேரம் பார்த்தார்.

"ஊசிய நிப்பாட்டுனதாலயா, தானாவா, அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தொடர்ந்து பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். ஆனாலும் அந்தப் படத்தைக் கழற்றி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. எனக்கும்தான். யாரும் கத்தி வைக்காமல், கதிர் பாய்ச்சாமல், ஒரு புதன்கிழமை ஒருத்தி டவுனுக்குப் போகாமல் இருந்தாள். மண்டையோட்டுக்குள் அது கேட்டிருக்கிறது.

இதற்குப் பிறகு எங்கள் ஃபாரத்தை மாற்றினோம். 'ஹார்மோன் மருந்து' என்ற கட்டம் இப்போது 'ஹார்மோன் மாத்திரை, ஊசி' என்று இருக்கிறது. அதன் பக்கத்தில் இன்னொரு கட்டம்: 'கேட்டவர் கையெழுத்து'. கல்யாணம் ஆகாதவர், ஆனவர், கணவரை இழந்தவர், எல்லோரிடமும் தனியாக வைத்துக் கேட்க வேண்டும். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவே. கண்ட்ரோல் பழுக்காத ஸ்லைடை நம்பாதீர்கள். கேட்காமல் நிரப்பிய கட்டத்தை அதைவிடவும் நம்பாதீர்கள்.

அன்று கிளம்பும்போது நான் ஒன்றும் சொல்லாமலே காளியம்மாள் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு காலண்டருக்கு எதிரே நின்றார்.

"இருபத்தெட்டு" என்றார்.

அண்ணன் ஸ்கேன் உறையைக் கீழே வைத்தார்.

காளியம்மாள் கையை எடுக்காமல் இரண்டு எட்டு முன்னால் போய் முகத்தைச் சாய்த்தார். "செவ்வா... அடக் கடவுளே, கரிநாள்னுல்ல போட்டிருக்கு! கரிநாளா பாத்தாண்ணே ரிப்போர்ட்டு காட்டக் கூட்டிட்டு வந்த?"

அவர்கள் போன பிறகு அந்தத் தாளைக் கிழித்து டைரியில் ஒட்டினேன். மணி பகல் பன்னிரண்டரைதான். நாள் முடியும் முன் காலண்டர் தாளைக் கிழித்தது முப்பத்தொரு வருடத்தில் அந்த ஒரு முறைதான்.